மேலே வெள்ளைப் பனி, கீழே வெள்ளை உப்பு

உலகத்தில் மொத்தம் எத்தனை நாடு இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை நாட்டுக்கும் பெட்டி கட்டத் தெரிந்த ஒரே மனுசன் எங்கள் கொடைக்கானல் கம்பளி பாய்தான். லண்டனுக்கு என்ன வைக்கணும், துபாய்க்கு என்ன வைக்கக்கூடாது, ரஷ்யாவுக்கு உள்ளே எத்தனை பனியன் போடணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இத்தனைக்கும் ஆள் மதுரையைத் தாண்டினது கிடையாது. மதுரைக்கே ஒரு கல்யாணத்துக்குப் போய், பிரியாணி ஆறுவதற்குள் பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டார். "என்னா ஊருப்பா அது, அடுப்புக்குள்ள மண்டபத்தைக் கட்டி வச்சிருக்கானுக" என்றார்.

அவருக்கு அவர் வாப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். பஜாரில் யாருக்கும் தெரியாது. கம்பளிக் கடை வைத்திருக்கிற பாய், கம்பளி பாய். அவ்வளவுதான்.

நான் சொன்னால் நீங்கள் நம்பலாம். நான் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். பள்ளிக்கூடத்தை நான் விடவில்லை, அதுதான் என்னைத் தாங்க முடியாமல் விட்டது. ஜீப் கழுவ மலை ஏறினவனுக்கு இன்றைக்கு ஓடுவதற்கு வேன்கள் இருக்கின்றன, வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. வெள்ளைக்காரன் வந்து நின்று "சார்" என்கிறான். நான் "யெஸ்" என்கிறேன். அதற்கு மேலே இங்கிலீஷ் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஜீப் கழுவின அந்தக் காலத்தில் பாய் தள்ளுவண்டியில் மஃப்ளர் விற்றுக்கொண்டிருந்தார். மார்கழி மாதம், வாளித் தண்ணியில் கை விட்டால் விரல் என்னுடையதா ஊரான் வீட்டுதா என்று தெரியாது. ஒருநாள் காலையில் வண்டியிலிருந்து கத்தினார்.

"ஏலே, இங்க வா. இந்த ஸ்வெட்டர் ஒரு கை நீளமாப் போச்சு. எவனும் வாங்க மாட்டான். போட்டுத் தொலை."

போட்டுத் தொலைத்தேன். பிறகு கழற்றி வைத்து அளந்து பார்த்தேன். ரெண்டு கையும் ஒரே நீளம்தான் இருந்தது.

பாயிடம் ஒரு வித்தை உண்டு. கடை வாசலில் வந்து நிற்கிற ஆளை அவர் பார்க்கவே மாட்டார். அவன் வாயிலிருந்து வருகிற ஆவியைத்தான் பார்ப்பார். "ஆவி மூக்குக்கு முன்னால சுருண்டு நின்னா அரைக்கை ஸ்வெட்டர். ஒரு முழம் நேரா முன்னால போச்சுன்னா முழுக்கை. ஆவியே வரலையா, அவன் வாங்க வரல, மழைக்கு ஒதுங்கியிருக்கான். விட்ரு." சீசனில் கடை வாசலில் கூட்டம் நெரியும்போது ஒவ்வொருத்தரையும் "ஒருக்கா ஊதுங்க சார்" என்பார். கீழேயிருந்து வந்த ஒருத்தர், போலீஸ் செக்கிங் என்று பயந்துபோய், நேற்று மட்டும்தான் சார் என்று தானாகவே ஒப்புக்கொண்டார்.

டிகிரிக் கணக்கெல்லாம் பாயிடம் செல்லாது. எந்த நாட்டுக்குப் போகிறவன் வந்தாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "எந்த ஸ்டாப்பு?" என்பதுதான். கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கிப் பாருங்கள், விளங்கும். பெருமாள்மலையில் குல்லாவைக் கழற்றுவோம். ஊத்து வந்ததும் மஃப்ளர். டம்டம் பாறையில் ஸ்வெட்டர். காட்ரோடு வந்தால் சட்டையில் ரெண்டு பொத்தான். வத்தலக்குண்டில் இறங்கும்போது, மரியாதைக்காக மட்டும் சட்டை உடம்பில் கிடக்கும். இதை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிட்டார் பாய். துபாய் என்றால் வத்தலக்குண்டு, அக்னி நட்சத்திரத்தில். சிங்கப்பூர் என்றால் ஆடலூர், மழையும் புழுக்கமுமாய் மிளகு விளைகிற சீதோஷ்ணம். லண்டன் என்றால் பேத்துப்பாறை, ஐப்பசியில். மலைக்காரன் கணக்கு இது. எங்களுக்கு மேலே என்றால் குளிர், கீழே என்றால் வெயில். "கீழ போறேன்" என்று ஒருத்தன் சொன்னால், அவன் வேர்க்கப் போகிறான் என்று அர்த்தம்.

ஏதோ ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் பழசு என்று கழித்த துணி உலகப்படம் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்ந்தது. உடுப்பு போட்டுப் பார்க்கிற மூலைக்கு அதைத்தான் திரையாகத் தொங்க விட்டிருந்தார். ஆப்பிரிக்காவுக்குப் பின்னால் நின்று பேண்ட் மாற்றுகிறவர்களின் கால் கீழே தெரியும்.

பாயைப் பற்றி இன்னொன்று சொல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது. மனுசன் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஒருக்கா ஏரிக்கரையில், வாடகைக்கு விடுகிற குதிரை ஒன்று அவர் தோளில் கிடந்த புது மஃப்ளரை இழுத்து மென்றுவிட்டது. "இனி இந்த ஏரிக்கரையில கால் வைக்க மாட்டேன்" என்றார். அன்றையிலிருந்து ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறார். குதிரை செத்துப்போய் அதன் பேரன் சவாரி போகிற காலம் வந்துவிட்டது, பாய் இன்னும் சுற்றிக்கொண்டு இருக்கிறார். டூரிஸ்ட்காரன் யாராவது ஏரிக்கு வழி கேட்டால், "அப்படி ஒரு எடம் இருக்குறதாச் சொல்லிக்கிடுறாங்க" என்பார்.

என் பீடியும் அப்படித்தான் போனது. நான் இருமுவதைப் பொறுக்காமல், "நீ பீடிய விடுற வரைக்கும் ஒங்கூடப் பேச மாட்டேன்" என்றார். ஒரு சீசன் முழுக்கப் பேசவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டு, "மாஸ்டர், அந்தப் பீடிக்கார மொதலாளிகிட்டச் சொல்லுங்க, காலை நகட்டச் சொல்லி. சால்வைய மிதிச்சுக்கிட்டு இருக்காரு" என்பார். மாஸ்டர் ரோட்டைத் தாண்டி வந்து என்னிடம் சொல்வார். நான் காலை நகட்டுவேன். கடைசியில் மாஸ்டருக்கு முழங்கால் வலி வந்ததால் நான் பீடியை விட்டேன்.

இதையெல்லாம் விடப் பெரிய சொல் ஒன்று அவரிடம் இருந்தது. வாங்குகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்லுவார்.

"நான் பெட்டி கட்டி விட்ட ஆளு ஒருத்தன் வந்து 'நடுங்குனேன் பாய்'னு ஒரு சொல்லு சொல்லட்டும். அன்னைக்கே ஷட்டரை எறக்கிட்டு மகன்கிட்டத் திருப்பூர் போயிருவேன்."

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற மகன் இதற்காகவே காத்துக் கிடந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். "வாப்பா, யாராச்சும் நடுங்குனாங்களா?" "இல்லடா." "சரி வாப்பா, அடுத்த வாரம் கேக்குறேன்."

வீட்டம்மா காலமான பிறகு பாய்க்கு அந்தக் கடைதான் எல்லாம். அது மூடினால் ஆள் திருப்பூர் போய்விடுவார். சொன்ன சொல்லுக்குப் போவார், அது எனக்குத் தெரியும். காலையில் நான் போய் உட்காருவதற்கும் பஜாரில் வேறு இடம் கிடையாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வருசம் எனக்கும் என் வீட்டுக்காரி லெச்சுமிக்கும் உலகப் பயணம் வந்தது. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் நான்தான் படிக்க வைத்தேன், அதனால் மூன்றும் ஊரில் இல்லை. மூத்தவன் கத்தாரில். நடு மகள் நார்வேயில். கடைசி மகள் ஆஸ்திரேலியாவுக்கும் கீழே டாஸ்மேனியா என்று ஒரு தீவு, அதில் ஹோபார்ட் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். தீவின் பேரைச் சொன்னதும் பஜாரில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். அவர்கள் நினைத்தது வேறு கடையை. கடைசி மகளுக்கு ஆடி மாதம் பிரசவம். வரிசையாக மூன்று பேரையும் பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்கிற நேரத்துக்குக் கீழே போய்ச் சேருவதாக ஏற்பாடு.

பெட்டியோடு பாய் கடைக்குப் போனோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் மாதிரி நின்றார்.

"மொதலாளி, எந்தெந்த ஸ்டாப்பு?"

"கத்தார்."

"வத்தலக்குண்டு. அடுத்தது?"

"நார்வே."

பாய் திரையை விரித்துப் பிடித்து, மேலே, மேலே, இன்னும் மேலே பார்த்தார். "யா அல்லா! இது மேல்மலை மன்னவனூரையும் தாண்டி, பஸ்ஸே போகாத எடத்துல கெடக்கு. மேல பூரா வெள்ளை பாருங்க. பனி. மூணு முழுக்கை, ரெண்டு குல்லா, காலுக்கு உறை. கடைசி?"

"டாஸ்மேனியா."

திரையை இன்னொரு பக்கம் இழுத்தார். உள்ளே ஒருத்தர் பாதி பேண்டில் நின்றிருந்தார். "ஒரு நிமிசம் சார், டாஸ்மேனியா பாக்கணும்" என்றார் பாய். அந்த மனுசனும் ஆர்வமாய்க் குனிந்து தேடி, அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"ஆத்தாடி, எம்புட்டுக் கீழ! மதுரையுமில்ல ராமநாதபுரமுமில்ல. நேரா தனுஷ்கோடி. இதுக்கு அங்கிட்டு ஊரே இல்ல, கடல்தான். மொதலாளி, ஒங்களுக்கு அங்க நாலு கைத்தறி வேட்டி, அரைக்கைச் சட்டை, ஒரு விசிறி. சோலி முடிஞ்சது."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன்.

லெச்சுமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கப்பலில் வந்தவள். சாமான் கட்டுகிற பேச்சு வந்தாலே அவளுக்கு இளக்காரம். "நாங்க தலைமன்னார்ல கப்பல் ஏறுனப்ப எங்கப்பா ஒரே டிரங்குப் பொட்டியில வீட்டையே வச்சுக் கொண்டாந்தாரு. ஒங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு சட்டை மடிக்கிறதுக்கு ஒலகப்படம் வேண்டிக் கெடக்கு" என்றவள், விரலை வைத்துக் கேட்டாள். "பாய் அண்ணே, அந்தத் தீவுக்கும் கீழ வெள்ளையாக் கெடக்கே, அது என்னா?"

பாய் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அதா? உப்பளம் தங்கச்சி."

"ஆமா ஆமா" என்றேன் நான். "கடலோரம்ல. தூத்துக்குடி சவாரி போனப்ப நான் பாத்திருக்கேன். இப்படித்தான் வெள்ளையாக் கெடக்கும்."

"மேல வெள்ளையா இருந்தா பனி, கீழ வெள்ளையா இருந்தா உப்பா?"

"பின்ன? வெயிலு இல்லாம உப்பு எப்படித் தங்கச்சி வெளையும்?" என்றார் பாய்.

இதற்கு மேலே யார் என்ன பேச முடியும்? திரைக்குள் நின்றவரும் சரிதான் என்றார்.

கடைசி மகள் போனில் சொல்லத்தான் செய்தாள். "அப்பா, இங்க இப்ப குளிர்ப்பா. நல்ல கோட்டா எடுத்துட்டு வாங்க."

"எம்மா, கொடைக்கானல்காரன்கிட்ட வந்து குளிரைப் பத்திப் பேசாத. நான் மார்கழியில வெறும் ஒடம்போட ஜீப் கழுவுனவன். நீ மாசமா இருக்க, அதான் ஒனக்குக் குளிருது. வெந்நி குடி."

பெட்டியைப் பாய்தான் கட்டினார். இறங்குகிற வரிசைப்படி, மேல் ஸ்டாப் துணி ஒரு பக்கம், கீழ் ஸ்டாப் துணி ஒரு பக்கம். சக்கரமும் நம்பர் பூட்டும் உள்ள புதுப் பெட்டிதான், ஆனாலும் தேங்காய்நார்க் கயிறு சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால்தான் அவருக்கு அது பெட்டி. எடையை மண்டித் தராசில் போட்டுப் பார்த்தோம். மண்டிக்காரர் கயிற்றைப் பார்த்துவிட்டு, "கேரட்டா, மலைப்பூண்டா?" என்று கேட்டார்.

பஸ் ஏற்றிவிடும்போது பாய் ஜன்னல் ஓரமாக வந்து இன்னொன்று சொன்னார். "மொதலாளி, நம்ம ஊரு வழக்கத்தை மறந்துறாதீங்க. கீழ எறங்குறவன் கம்பளி சுமக்கக் கூடாது. நார்வேயிலயே வச்சுட்டு எறங்கிருங்க." எங்கள் ஊர்க்காரர்கள் மதுரைக்குப் போகும்போது பெருமாள்மலையில் தெரிந்த கடையில் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வது வழக்கம். எனக்கு நடு மகள் வீடுதான் பெருமாள்மலை என்று ஏற்பாடாயிற்று.

கத்தாரில் பாய் சொன்னது அச்சு மாறாமல் நடந்தது. மகன் பெட்டியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, கடைசியில் கத்தி வாங்கி அறுத்தான். அது ஒன்றுதான் சேதம். போனில் பாய் கேட்டார், "வத்தலக்குண்டுதானே?" "வத்தலக்குண்டேதான் பாய், பஸ் ஸ்டாண்டு மட்டும்தான் இல்ல" என்றேன். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

நார்வேயில்தான் முதல் இடி. குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் என்று ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருகிறேன், சுள்ளென்று வெயில். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட பிறகும் சூரியன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நிற்கிறது. பார்க் முழுக்க வெள்ளைக்காரர்கள் கால்வாசி உடுப்போடு, கருவாடு காயப் போட்ட மாதிரி புல்லில் கிடக்கிறார்கள். நடுவில் நான் குரங்குக் குல்லாவோடு போகிறேன். ஒரு கைக்குழந்தை என்னைப் பார்த்துப் பாலை விட்டுவிட்டுச் சிரித்தது.

"அப்பா, அந்தக் குல்லாவையாவது கழட்டுங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள்.

"பாய் சொல்லியிருக்காரு" என்றேன்.

வேர்வை காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது பாய் போன் செய்தார். "மொதலாளி, ஒடச்சுச் சொல்லுங்க. நடுங்குனீங்களா?"

"சத்தியமா இல்ல பாய்." அதைவிடப் பெரிய உண்மையை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

அங்கே இருந்த நாளெல்லாம் வேர்த்து முடித்துவிட்டு, ஊர் வழக்கப்படி கம்பளி அத்தனையையும் மகளிடம் கொடுத்துவிட்டு, அரைக்கைச் சட்டையோடு கீழே இறங்கினேன். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது லேசான புழுக்கம். "ஆடலூர்" என்று லெச்சுமியிடம் சொன்னேன். "பாத்தியா, பாய் கணக்கு தப்பாது. இனி போகப் போக வெயிலு ஏறும்."

ஹோபார்ட்டில் விமானத்தின் கதவைத் திறந்தார்கள்.

அந்தக் காற்று என்னிடம் ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. நேராக அரைக்கைச் சட்டைக்குள் புகுந்து, முதுகில் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, வேட்டி வழியாக வெளியே போனது. என் பல் தானாகப் பேச ஆரம்பித்தது. முழங்கால் ரெண்டும் ஒன்றை ஒன்று நலம் விசாரித்துக்கொண்டன. இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன். பாய் பத்திரிகை வாங்கிப் படிக்கிற ஆள்.

ஊருக்குப் பின்னால் பெரிய மலை ஒன்று. உச்சி முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. லெச்சுமி அதை நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"என்னங்க, பாய் அண்ணன் சொன்னது நெசந்தான். மலை மேல உப்பு காயப் போட்டிருக்காங்க பாருங்க."

சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு முழுக்கை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு, தலையைச் சுற்றி ஒரு சால்வையையும் கட்டிக்கொண்டாள்.

"ஏய், எல்லாத்தையும் மேலயே வச்சுட்டு வரச் சொன்னாருல்ல?"

"நான் டிரங்குப் பொட்டிக்காரரு மக" என்றாள்.

மருமகன் தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார். அவர் பனை மரம், நான் தென்னம்பிள்ளை. கோட்டுக்குள் நான் இருக்கிறேனா என்று மகள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. குளிர்காலம் என்று முன்னாலேயே சொன்னேனே அப்பா என்று அவள் ஆரம்பித்தபோது, "நீ குளிருன்னு சொன்ன, ஆடின்னு சொன்ன, இங்க காலமே தலைகீழ்னு சொன்னியா?" என்று அடக்கிவிட்டேன். அப்பன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பேத்தி பிறந்தாள். தங்கக்கட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஹீட்டர் பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், பாயிடமிருந்து வீடியோ கால்.

நார்வேயில் மாதிரி, "ஒடச்சுச் சொல்லுங்க" என்று கேட்கத்தான் போகிறார். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் போதும், கடை ஷட்டர் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். திருப்பூர்க்காரன் சாயங்காலமே வண்டி அனுப்பிவிடுவான்.

"லெச்சுமி, போனை எடுக்காத, இரு." கோட்டைக் கழற்றி எறிந்தேன். அரைக்கைச் சட்டை, வேட்டி, கையில் பாய் கொடுத்தனுப்பிய விசிறி. வீட்டுக்குள் இருந்தால் ஹீட்டரும், கம்பளிக்குள் கிடக்கிற குழந்தையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று பின்பக்கத்துப் புல்தரைக்கு ஓடினேன். புல் மேல் கால் வைத்தால் மொறுமொறு என்கிறது. லெச்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கும் பாயின் சொல் தெரியும். போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"மொதலாளி! பேத்தி நல்லாருக்காளா? ஊரு எப்படி? தனுஷ்கோடிதானே?"

"அசல் தனுஷ்கோடி பாய்" என்று விசிறினேன். விசிற விசிற உயிர் போகிறது. "என்னா வெக்கை, என்னா வெக்கை!"

"பின்னாடி மலை மேல வெள்ளையா என்னா?"

அவசரத்தில் மலைக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டேன். "உப்பு பாய்."

"மலை மேலயா?"

"வெளைச்சல் சாஸ்தி. எடம் பத்தாம மேல கொண்டாந்து குவிச்சிருக்கான்."

பாய் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரை முழுக்க அவர் மூக்குக் கண்ணாடிதான் தெரிந்தது. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சு விட்டால் ஆவி போகிறது. பேசினாலும் போகிறது. "வெக்கை" என்று சொன்னதற்கு எஞ்சின் மாதிரி போயிருக்கிறது.

"மொதலாளி, வாயில என்னா பொகை?"

அந்த நேரத்தில் என் வாயில் வந்த சொல் இதுதான்.

"பீடி பாய்."

பாய் மெதுவாகக் கேட்டார், "ஏலே... பீடியா?"

"ஆமா பாய்."

"பீடிய எங்கலே காணோம்?"

"இப்பத்தான் கீழ போட்டேன்."

லெச்சுமி போனைத் தன் பக்கம் திருப்பினாள். ஸ்வெட்டரையும் சால்வையையும் முன்னாலேயே கழற்றி ஒளித்துவிட்டிருந்தாள், கெட்டிக்காரி. "ஆமாண்ணே, இங்க வந்ததுலேர்ந்து ஒரே பீடிதான். நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்றாரு."

"தங்கச்சி, அவன்கிட்டச் சொல்லிரும்மா. பீடிய விடுற வரைக்கும் எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

போன் அணைந்தது. லெச்சுமி ஓடிவந்து என்னைக் கம்பளியால் மூடினாள். "பொய் சொல்ற ஆளப் பாரு, ஒதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு" என்று திட்டிக்கொண்டே கையைத் தேய்த்துவிட்டாள். என் மானம் போனது, விட்ட பீடி திரும்பி வந்தது, பாயின் பேச்சும் போனது. ஆனால் கடை ஷட்டர் இறங்கவில்லை. அதுதானே கணக்கு.

ஊருக்குத் திரும்பி, மறுநாள் வெள்ளனே பஜாருக்குப் போனேன். ஷட்டர் ஏறியிருந்தது. கடைக்குள் போய் உட்கார்ந்தேன். பாய் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மாஸ்டர்!" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார். "அந்தப் பீடிக்கார மொதலாளிகிட்டப் பேத்திக்கு என்னா பேரு வச்சாங்கன்னு கேளுங்க."

மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். "மறுபடியுமா?" என்று என்னை முறைத்தார்.

இப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தது. நானாக ஒன்றும் கேட்கவில்லை. திரையில் மட்டும் ஒரு மாற்றம் இருந்தது. உலகப்படத்தில் டாஸ்மேனியா இருக்கிற இடத்தில் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருந்தது. மாஸ்டர் மூலமாக விசாரித்தேன். எலி கடித்துவிட்டதாகப் பதில் வந்தது.

ஒருநாள் புதுசாய்க் கல்யாணமான தம்பி ஒருத்தன் வந்தான். பெண்டாட்டியோடு ஆஸ்திரேலியா போகிறானாம், வருகிற ஆடி மாதம். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இந்தப் பிள்ளையையும் வேட்டியோடு அனுப்பிவிடுவாரோ, எப்படித் தடுப்பது என்று யோசித்தேன்.

பாய் நிதானமாகச் சொன்னார். "அது கீழ்நாடு தம்பி. நம்ம மொதலாளி போயிட்டு வந்தாரு. நல்ல வெயிலு, உப்பு வெளைஞ்சு மலையளவு கெடக்குதாம். ஆனா ஆடி மாசத்துல அந்தப் பக்கம் போற ஆளுகளுக்கு என்னமோ பீடிப் பழக்கம் தொத்திருது. அதுக்குத்தான் ஆளுக்கு மூணு முழுக்கை, குல்லா, காலுறை. எடுத்து வைக்கிறேன், கொண்டு போங்க."

"பீடிக்கு எதுக்குங்க ஸ்வெட்டர்?" தம்பி குழம்பிப் போனான்.

"பீடிப் பொகை மேல போகும் தம்பி" என்றார் பாய், ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே. "இந்தப் பொகை ஒரு முழம் நேரா முன்னால போச்சு. நான் பாத்தேன்."

என் கையில் இருந்த டீ பாதி சால்வை மேல் கொட்டிவிட்டது. வழக்கமாய் அதற்கு ஊரைக் கூட்டுகிற மனுசன், அன்றைக்கு அதை உதறி ஓரமாக மடித்து வைத்தார். தம்பியை அனுப்பிவிட்டு, ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், மொதலாளி பீடிய விட்டுட்டாரான்னு கேளுங்க."

"விட்டுட்டேன்னு சொல்லுங்க மாஸ்டர்" என்றேன்.

"எப்ப விட்டாராம்?"

"ஏரோப்ளேன் ஏறுன ஒடனே."

"ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசித் தொலைங்கய்யா!" என்று மாஸ்டர் டீக்கடையிலிருந்தே கத்தினார்.

பாய் எழுந்து போனார். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு ஸ்வெட்டரை உருவி, என் மடியில் எறிந்தார்.

"இந்தா. ஒரு கை நீளமாப் போச்சு. எவனும் வாங்க மாட்டான். போட்டுத் தொலைலே."

வீட்டுக்கு வந்ததும் லெச்சுமியை ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி அளந்து பார்த்தேன். இந்தத் தடவையும் ரெண்டு கையும் ஒரே நீளம்தான்.